கேட்டுப் பெற்ற பெயர்

ஆண்டின் தொடக்கத்திலே வகுப்பு இடாப்பில் மாணவர் பெயர்களை எழுதப் புகும்போது, சாமுவேல் என்னும் பெயர் ஒருமுறையேனும் வராத ஆண்டு அரிது. தம் ஆண் மகவுக்கு இப்பெயரை இட விரும்பும் பெற்றோர் சிலர், தமிழ் கற்பிப்பவர் என்னும் உரிமை பற்றி, அதன் பொருள் யாது என எம்மை வினவுவதுண்டு. கிறிஸ்தவ வேதாகமப் பெயருக்குச் சைவராகிய எம்மிடம் பொருள் கேட்பது பொருந்துமோ என ஐயுறுவாரும் உளர். பெயர் முதலில் மொழிக்கு உரியது. பின்னரே சமயத்துக்கு உரியது. ஆகலின் இவ்வாரம் அதனை ஆராயப் புகுந்தோம்.

சாமுவேல் என்ற ஒலியைக் கேட்டதும் எம்மவர் செவியில் முருகன் கைவேல் வந்து நிற்பது இயல்பே. ஆயின் அங்கே வேல் இல்லை. எபிரேய மொழியிலே ‘ஏல்’ என்பது கடவுளைக் குறிக்கும் சொல். ‘ஷெமு’ என்பதனோடு அது சேர்ந்து ‘ஷெமுஏல்’ என நிற்கும். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வரும் இவ்விடத்தில் எபிரேயர் குரலை ஒரு கணம் அடைத்து ஒலிப்பர். தமிழராகிய நாமோ உடம்படுமெய் இட்டு ஒட்டிக்கொள்வோம். இகரத்தை அடுத்து யகரமும் உகரத்தை அடுத்து வகரமும் தோன்றும் என்பது நன்னூல் பயின்ற மாணவர் அறிந்ததே. தானியேல், கபிரியேல் என்பவற்றில் யகரமும், சாமுவேல், இம்மானுவேல் என்பவற்றில் வகரமும் தோன்றியமை அவ்விதிக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க உதாரணங்களாம். இனி, ‘எல்’ என்னும் சொல் பழந்தமிழில் ஒளியையும் ஞாயிற்றையும் குறிப்பதைக் கண்டு, இரண்டும் ஒன்றே என நிறுவப் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு சொல்: ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு கற்பித்தல் ஆகாது.

‘ஷேம்’ என்பது எபிரேயத்தில் பெயர் எனப் பொருள்படும். எனவே இலக்கண வழியே நோக்கின், சாமுவேல் என்பதற்குக் ‘கடவுளின் பெயர்’ என்றோ ‘அவர் பெயர் கடவுள்’ என்றோ பொருள் கொள்ளல் வேண்டும். இவ்வளவோடு நின்றால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. வேதாகமத்திலே அக்குழந்தைக்குப் பெயரிட்ட தாய் வேறொரு பொருள் கூறுகின்றாள். ஆண்டவரிடத்தில் தான் கேட்டுப் பெற்ற பிள்ளையாதலால் சாமுவேல் எனப் பெயரிட்டதாக அவள் சொல்கின்றாள். கேட்டல் என்பதற்கு எபிரேயச் சொல் ‘ஷாஅல்’. அச்சொல்லிலிருந்து பிறக்கும் பெயர் சாமுவேல் அன்று, சவுல் என்பதே. சொல்லாராய்ச்சியாளர் ஒரு பொருள் கூற, பெற்றவள் வேறு பொருள் கூறுகின்றாள். இவற்றுள் எதனை ஏற்பது? அவள் கதையை அறிந்த பின்னரே இதற்கு விடை கூறல் இயலும்.

அவள் பெயர் அன்னாள். எல்க்கானா என்பானுக்கு மனைவியர் இருவர். பெனின்னாளுக்கு மக்கள் பலர், அன்னாளுக்கு இல்லை. ஆண்டுதோறும் அக்குடும்பம் சீலோ என்னும் தலத்துக்கு வழிபடச் செல்லும். சீலோ இன்று மேற்குக்கரையிலே கிர்பெத் செய்லூன் என வழங்கும் மேடு. 1926ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் அங்கே அகழத் தொடங்கினர். பலியிட்ட இறைச்சியைப் பங்கிடும்போது பெனின்னாளுக்கும் அவள் மக்களுக்கும் பல பங்குகள் போகும். பிள்ளை இல்லாதவளுக்கு எத்தனை பங்கு? விழா நாளிலே, ஊரார் கூடிய இடத்திலே, அந்தப் பாத்திரமே அவளுடைய குறையைச் சொல்லிக் காட்டும். போதாக்குறைக்குச் சக்களத்தியின் ஏச்சு. ஆண்டுதோறும் இவ்வாறே நிகழ்ந்தது என நூல் கூறுகின்றது.

கணவன் நல்லவன். பத்துப் பிள்ளைகளிலும் தான் அவளுக்கு மேலானவன் அல்லனோ என்று கேட்டுத் தேற்றுகின்றான். அன்பினால் எழுந்த வினாவே அது. ஆயினும் அதற்கு அவள் விடை கூறியதாக நூலில் இல்லை. மகப்பேறின்றி வருந்தும் வீடுகளில் ஆண்மக்கள் கூறும் ஆறுதல் பெரும்பாலும் இவ்வகையினதே என்பதைப் பெண் வாசகர் அறிவர்.

அவள் எழுந்து சந்நிதிக்குச் செல்கின்றாள், அழுகின்றாள், ஆண் மகவு ஒன்றைத் தந்தால் அவன் வாழ்நாள் முழுவதும் ஆண்டவருக்கே உரியவனாவான் என்றும், அவன் தலையிலே சவரகன் கத்தி படாது என்றும் நேர்ந்துகொள்கின்றாள். உதடு அசைகின்றது, ஓசை எழவில்லை. வாசலில் இருந்த ஏலி என்னும் முதிய குரு இதனைப் பார்த்து, இவள் மதுவருந்தி வந்தவள் என எண்ணிக் கடிந்து பேசுகின்றார். கோயிலிலே வாழ்நாளைக் கழித்த குருவுக்கு உண்மையான வழிபாட்டைக் கண்டபோது அடையாளம் தெரியவில்லை! அவளோ சினவாது தன் துயரைப் பணிவுடன் எடுத்துரைக்கின்றாள். பின்னாளில் யூத அறிஞர், வழிபடுவோர் உள்ளத்தை ஒருமுகப்படுத்தல் வேண்டும், உதட்டை அசைத்தல் வேண்டும், குரலை உயர்த்தலாகாது என்னும் விதிகளை இவ்வன்னாளின் செயலிலிருந்தே வகுத்துத் தல்முத் நூலில் எழுதிவைத்தனர். குடித்தவள் என்று ஏச்சுக் கேட்டவளே வழிபாட்டு முறைக்கு ஆசிரியை ஆயினாள். யூதரின் புத்தாண்டு நாளிலே இன்றும் தொழுகைக் கூடங்களில் அவள் கதை வாசிக்கப்படுகின்றது.

குரு வாழ்த்தி அனுப்பினார். அவள் போய் உணவருந்தினாள். பின்னர் அவள் முகம் வாடவில்லை. இதனைக் கூர்ந்து நோக்குதல் தகும். பிள்ளை அப்போது கருவிலும் இல்லை. கேட்டதனாலேயே அவள் பாரம் இறங்கிற்று.

சவரகன் கத்தி பற்றிய நேர்ச்சை எமக்குப் புதுமையாகத் தோன்றும். நேர்த்திக்கடன் என்றால் முடியை இறக்கிக் கொடுப்பது எமது வழக்கு. அங்கே முடியை மழிக்காது வளர்ப்பதே காணிக்கை. இவ்விரதம் பூண்டவரை நசரேயர் என்பர். விரத காலம் முடிந்தவர் தலையை மழித்து அம்மயிரைப் பலித்தீயில் இடுவர். சாமுவேலுக்கோ விரதம் ஆயுள் முழுவதற்கும் ஆனது. சாக்கடலருகே குகை ஒன்றில் 1952ஆம் ஆண்டிலே கண்டெடுக்கப்பட்ட தோற்சுருளில், அவன் என்றென்றும் நசரேயனாக இருப்பான் என்ற தொடர் தெளிவாகவே காணப்படுகின்றது.

பிள்ளை பிறந்தது. இனிக் கடன் தீர்க்க வேண்டும். இங்கேதான் எமது நாட்டு வாசகர் உடனே உணரத்தக்க ஒரு நுட்பம் உளது. பிள்ளையை விற்று வாங்கும் நேர்த்தி எமது கோயில்களில் வழங்குவது யாவரும் அறிந்ததே. நோயுற்றுத் தேறிய குழந்தையையோ, தவமிருந்து பெற்ற குழந்தையையோ சந்நிதியிலே கடவுளுக்கென்று ஒப்புவித்துவிட்டு, காணிக்கைப் பணம் செலுத்தித் திரும்ப வாங்கிக்கொண்டு வீடு செல்வர். கொடுத்ததும் உண்மை, குழந்தை மடியில் இருப்பதும் உண்மை. இதற்கு ஒத்த ஏற்பாடு இஸ்ரவேலரின் சட்டத்திலும் இருந்தது. நேர்ந்துவிடப்பட்ட மனிதரை மீட்கும் விலைகளை லேவியராகமத்தின் 27ஆம் அதிகாரம் வயதுவாரியாகக் கூறுகின்றது. ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைக்கு விலை ஐந்து சேக்கல் வெள்ளி. மூன்று காளைகளைக் கொண்டுவர வசதியுள்ள குடும்பத்துக்கு இது பெரிய தொகையன்று.

அன்னாள் அவ்வைந்து வெள்ளியைச் செலுத்தவில்லை. பால் மறக்கும்வரை பிள்ளையைத் தன்னிடமே வைத்திருந்தாள். அக்காலத்தில் தாய்ப்பால் மூன்று ஆண்டுவரை ஊட்டப்படுவதுண்டு என்பதை மக்கபேயர் இரண்டாம் நூலால் அறிகின்றோம். மழலை பேசி, ஓடியாடி, அம்மா எவர் என்று நன்கறிந்த பிராயம் அது. அப்பிராயத்துப் பிள்ளையைச் சீலோவுக்குக் கொண்டுபோய், தன்னைக் குடித்தவள் என்று ஏசிய அதே குருவின் கையில் ஒப்புவித்துவிட்டுத் தனியே திரும்பினாள். மனைவியின் நேர்ச்சையைத் தடுக்கக் கணவனுக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்திருந்தது, எல்க்கானா தடுக்கவில்லை. அவள் எண்ணப்படி செய்க என்றான். முன்னர் ஆறுதல் சொல்லத் தெரியாதவனை நாம் இவ்விடத்திலே மதிக்கின்றோம்.

பிள்ளையை ஒப்புவிக்கும்போது அவள் பேசும் பேச்சில் ஒரு சொல் விளையாட்டு இருக்கின்றது. கேட்டல் என்னும் வினையே எபிரேயத்தில் பிறவினையாகும்போது ‘கொடுத்துவைத்தல்’ என்னும் பொருளைத் தரும். ஒருவரைக் கேட்கச் செய்வது அவருக்குக் கொடுப்பதாகிவிடும். கேட்டுப் பெற்றேன், கொடுத்துவிட்டேன் என்னும் இரண்டையும் அவள் ஒரே சொல்லாலே சொல்லி முடிக்கின்றாள். அவ்வதிகாரத்தில் மட்டும் அச்சொல்லடி ஏழு முறை வருகின்றது. அவள் சொன்ன பொருள் இலக்கணத்துக்கு ஒவ்வாமல் இருக்கலாம். ஆயினும் தவராசா என்றும் தவமணி என்றும் எம்மவர் பெயரிடும்போது அகராதியைப் பார்த்தா இடுகின்றனர்? தாம் இருந்த தவத்தை நினைந்தே இடுகின்றனர். பெற்றவள் சொன்ன பொருளை விலக்கி அகராதிப் பொருளை மட்டும் கூறுதல் எமக்கு உடன்பாடன்று.

கொடுத்துவிட்டுப் போனவள் மறந்துவிட்டாளோ எனில், இல்லை. ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலங்கியைத் தைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள் என்று ஒரே வாக்கியத்தில் நூல் சொல்லிப் போகின்றது. பிள்ளை அருகில் இல்லாதபோது அளவு எடுப்பது எங்ஙனம்? சென்ற ஆண்டு இவ்வளவு இருந்தான், இவ்வாண்டு இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தாலே அளந்து தைத்திருப்பாள் போலும். பின்னர் அவளுக்கு மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர். அதனால் அம்மேலங்கி நின்றுவிட்டதாக எங்கும் சொல்லப்படவில்லை.

நிற்க. ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இக்கதையில் ஒரு நெருடல் உண்டு. பிள்ளையை எவரும் கேட்கவில்லை. பிறக்குமுன்னரே அவன் வாழ்வு தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பிறந்த நாளிலேயே மருத்துவன், பொறியியலாளன் எனப் பெற்றோரால் நேர்ந்துவிடப்பட்ட பிள்ளைகள் பலரைக் கண்டவர் நாம். அவர்களுள் முகமலர்ச்சியோடு கற்றவரும் உளர், கண்ணீரோடு கற்றவரும் உளர். இந்நெருடலை நூலாசிரியரும் உணர்ந்திருந்தார் போலும். மூன்றாம் அதிகாரத்தை அதற்கென்றே எழுதியதுபோல் எமக்குத் தோன்றுகின்றது.

அதிலே சிறுவன் ஆலயத்தில் படுத்திருக்கின்றான். விளக்கு இன்னும் அணையவில்லை. பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் கேட்கின்றது. கண் மங்கிய கிழவர் அழைத்தார் என எண்ணி அவரிடம் ஓடுகின்றான். நான் அழைக்கவில்லை, போய்ப் படு என்கின்றார். மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்த பின்னரே அழைப்பவர் யார் என்பது ஏலிக்கு விளங்குகின்றது. நான்காம் முறை அழைப்பு வந்தபோது, அடியேன் கேட்டுக்கொண்டிருக்கின்றேன் என்னும் பொருள்பட அவன் விடை கூறினான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு என்பர் யூத வரலாற்றாசிரியர் யொசேபஸ். ஆங்கில ஓவியர் யோசுவா ரெயினோல்ட்ஸ் 1776ஆம் ஆண்டளவில் வரைந்த, முழந்தாளிட்டுக் கைகூப்பிய குழந்தைச் சாமுவேலின் படத்தைப் பல கிறிஸ்தவ இல்லங்களில் காணலாம். படம் அழகியதே, ஆயினும் கதையில் வரும் பையன் முழந்தாளிடவில்லை. படுத்திருந்தவன் எழுந்து எழுந்து ஓடினான். தூக்கத்தில் எழுப்பப்பட்ட பையன் மூன்று முறையும் முகஞ்சுளியாது ஓடியமையே எமக்குப் பெரிதாகப் படுகின்றது.

‘ஷாமா’ என்னும் எபிரேயச் சொல் காதாற் கேட்பதைக் குறிக்கும். சாமுவேல் என்பதனைக் ‘கடவுளாற் கேட்கப்பட்டவன்’ என இச்சொல்லோடு இயைத்துப் பொருள் கூறுவாரும் உளர். இதுவும் இலக்கணத்துக்கு முற்றும் இயைவதன்று. அப்பொருள் உண்மையாக அமைந்த பெயர் இஸ்மவேல் என்பதே. எனினும், வினாவுதல், செவியுறல் என எபிரேயர் இருவேறு அடிகளாற் கூறும் இரண்டனையும் தமிழ் ‘கேள்’ என்னும் ஒரே அடியாற் கூறுகின்றது. தாய் கேட்டாள், கடவுள் கேட்டார், பின்னர் மகனும் கேட்டான். எபிரேயத்தில் இயலாத இயைபு தமிழில் இயல்பாகவே வாய்த்துவிட்டது.

அவன் கேட்ட செய்தியோ இனியதன்று. குருவின் புதல்வர் செய்த அக்கிரமங்களால் அவர் குடி அழியும் என்பதே அது. விடியும்வரை படுத்திருந்து, காலையில் எழுந்து வழக்கம்போல் ஆலயக் கதவுகளைத் திறந்தான் என்கிறது நூல். சொல்ல அஞ்சினான், கேட்டபோது மறைக்காது சொன்னான். தாய் செய்த நேர்ச்சை அன்று முதல் மகனுடைய சொந்தப் பணியாயிற்று.

சாமுவேல் பெரியவனாகி நீதித்தலைவராயும் தீர்க்கதரிசியாயும் விளங்கினார். காலம் ஏறத்தாழக் கிறிஸ்துவுக்கு முன் 11ஆம் நூற்றாண்டு. அவரும் ஒரு தந்தையே. தம் புதல்வர் இருவரைத் தாமே நீதிபதிகளாக நியமித்தார். அவர்கள் கைக்கூலி வாங்கினர். அழைப்பைத் தாமே கேளாதவர்க்குத் தந்தையின் ஆசனம் மட்டும் போதவில்லை. மக்கள் வெறுப்புற்று, மற்றைய நாட்டவர்க்கு உள்ளதுபோல் தமக்கும் ஓர் அரசன் வேண்டும் எனக் கேட்டனர். கேட்டனர் என்பதற்கு அங்கும் ‘ஷாஅல்’ என்னும் அதே சொல்லடியே வருகின்றது. அரசன் எத்தகையவனாய் இருப்பான், மக்களின் பிள்ளைகளையும் வயல்களையும் எங்ஙனம் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தும் அவர்கள் கேளாராயினர். அவர்களுக்குக் கிடைத்த அரசனின் பெயர் சவுல், அதாவது, கேட்கப்பட்டவன்.

அன்னாள் தன் மகனுக்குச் சொன்ன விளக்கம் இப்பெயருக்கு எழுத்துக்கெழுத்துப் பொருந்துவதைக் கண்ட ஆராய்ச்சியாளர் சிலர், பிறப்புக் கதையே முதலில் சவுலுக்கு உரியதாயிருந்து பின்னர் சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்பர். எமக்கு அது அத்துணைப் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஒருத்தி கேட்டுப் பெற்றதைக் கொடுத்துவிட்டாள். ஒரு நாடு கேட்டுப் பெற்றதால் இன்னற்பட்டது. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தவே நூலாசிரியர் அச்சொல்லை முன்கூட்டி விதைத்தார் எனக் கொள்வதே தக்கது.

மேலங்கியையும் அவர் மறக்கவில்லை. சவுலைத் துறந்து சாமுவேல் திரும்பும் வேளையில், மேலங்கியின் ஓரத்தைச் சவுல் பற்றியிழுக்க அது கிழிகின்றது. சாமுவேல் இறந்தபின், போருக்கு அஞ்சிய சவுல் எந்தோர் என்னும் ஊரில் குறிசொல்லும் பெண்ணிடம் சென்று அவர் ஆவியை எழுப்புமாறு கேட்கின்றான். மேலங்கி போர்த்த முதியவர் ஒருவர் எழுகின்றார் என்று அவள் சொன்ன மாத்திரத்தே அவன் அறிந்துகொள்கின்றான். தாய் தைத்த சிற்றாடைக்கும் இவ்விரு மேலங்கிகளுக்கும் எபிரேயத்தில் ஒரே சொல்.

மகனைப் போலவே தாயின் பெயரும் எமது நாடுவரை வந்துளது. அன்னாள் என்பதற்கு அருள் எனப் பொருள். அவள் மகனை ஒப்புவித்துப் பாடிய பாட்டின் சாயலைப் பல நூற்றாண்டுக்குப் பின் லூக்கா நூலில் மரியாளின் பாட்டிலே காண்கின்றோம். மரியாளின் தாயும் நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்தவள் என்றும் அவள் பெயரும் அன்னாள் என்றும் இரண்டாம் நூற்றாண்டுத் தொன்மரபு ஒன்று கூறும். கற்பிட்டிக் குடாநாட்டிலே தலவில என்னும் கடற்கரைத் தலத்தில் கோயில் கொண்டிருப்பவர் இவ்வன்னம்மாளே. கிறிஸ்தவரல்லாதாரும் திரளாகச் சென்று நேர்த்தி வைக்கும் தலம் அது.

எம்மவரிடையே இப்பெயர் பூண்டோரைப் பலரும் முழுப்பெயரால் அறியார். தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, சாமுவேல் வேதநாயகம் பிள்ளையே. தந்தை செல்வா என எம்மக்கள் அழைத்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் (1898–1977) அவர்களின் பெயரில் முதலெழுத்தாய் நிற்பது சாமுவேல்; அதனை அடுத்து ஜேம்ஸ், வேலுப்பிள்ளை. எபிரேயமும் ஆங்கிலமும் தமிழும் ஒரே பெயரில் வரிசையாய் நிற்பதைக் காண்க.

பிறப்பால் தமிழரல்லாத சாமுவேல் ஒருவரையும் யாழ்ப்பாணம் மறத்தலாகாது. பழைய ஏற்பாட்டுப் பெயர்களைப் பெரிதும் விரும்பிய அமெரிக்க மசாசூசெற்ஸ் நாட்டிலே 1822இல் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் இங்கு வந்து மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞரை மருத்துவராக்கினார்; உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் முன்னதாக வெளிவந்தவற்றுள் ஒன்று பிள்ளைப்பேற்று மருத்துவம் பற்றியது என்பது இக்கதையோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

இப்பெயரை இடக் கருதும் பெற்றோருக்கு எழுத்துமுறை பற்றிச் சிறிது கூறி அமைவோம். சாமுவேல் என நெடிலாக எழுதுவதே வேதாகமத் தமிழ் வழக்கு. சமுவேல் என்பதும் பிழையன்று. வீட்டிலே ‘சாம்’ எனச் சுருக்குவோர் ஒன்று அறிதல் நலம்: அவ்வாறு சுருக்கினால் ‘பெயர்’ என்னும் பாதி மட்டும் எஞ்சும், யாருடைய பெயர் என்பது போய்விடும். எங்கள் ஊர் ஆச்சிமாரோ ‘சாமு’ என்றே அழைப்பர். எபிரேய இலக்கணப்படி அதற்கு ‘அவர் பெயர்’ என்று பொருள் கொள்ளலாம்.